60 நாள் ஷட்டவுன் வேலைக்குப் போகலாமா? நான் கணக்குப் போடும் விதம்

அக்டோபர் பிறந்தால் திருச்சியில் திருவெறும்பூர், துவாக்குடி பக்கத்து வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் எல்லோர் போனுக்கும் ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். "60 நாள் ஷட்டவுன். 6ஜி ஆர்கான் வெல்டர் 40 பேர். சாப்பாடு, ரூம் ஃப்ரீ. உடனடி ஃப்ளைட்." வெயில் தணிந்த பிறகுதான் வளைகுடா நாடுகளின் ரிஃபைனரிகள் பெரும்பாலும் யூனிட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலையைத் தொடங்கும். யூனிட் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நஷ்டம். அதனால் ஏகப்பட்ட ஆட்களைக் குவித்து, பகலும் இரவும் ஷிப்ட் ஓட்டி, வேலை முடிந்த கையோடு அனுப்பிவிடுவார்கள். சவுதியில் ஜுபைல், யான்பு, அமீரகத்தில் ருவைஸ், ஓமனில் சோஹார் என்று ஊர்தான் மாறும்.

நான் 19 வருஷமாக பாய்லர் டியூப் வெல்டர். இப்படிக் குறுகிய கான்ட்ராக்டில் 6 தடவை போய் வந்திருக்கிறேன். சில தடவை நல்ல காசு பார்த்தேன். முதல் தடவை பெரிய அடி வாங்கினேன். இப்போதெல்லாம் எங்கள் பட்டறையில் பையன்கள் மெசேஜைக் காட்டி, "போகட்டுமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். "போ" என்றோ "போகாதே" என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வராது. உட்கார வைத்து ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அந்தத் தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் இரண்டு தேதிகள்

2019-ல் ஜுபைல் வேலைக்கு ஏஜென்ட் சொன்னது மாதம் 3,000 ரியால், 60 நாள். அப்போது ரியால் 19 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 1,14,000 ரூபாய். இங்கே ஓவர்டைம் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 23,000 வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு 46,000. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"அடுத்த வாரம் ஃப்ளைட், ரெடியாக இருங்க" என்றார். ஆகஸ்ட் 10-ம் தேதி வேலையை விட்டேன். விசா வந்து விமானம் ஏறியது நவம்பர் 4. இடைப்பட்ட 12 வாரமும் கேட், கிரில் பட்டறைகளில் கிடைத்த வேலையைச் செய்தேன். மொத்தம் 14,000 கிடைத்தது. அங்கே போய் இறங்கினால் கேட் பாஸ், சேஃப்டி வகுப்பு, சைட் டெஸ்ட் என்று 8 நாள் கேம்ப்பிலேயே படுத்திருந்தோம். சாப்பாடு போட்டார்கள், சம்பளம் கிடையாது. வேலை 60 நாள் ஓடவில்லை. யூனிட் முன்கூட்டியே ரெடியாகிவிட்டது, 47 நாளில் முடித்து அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 31 வீட்டுக்கு வந்தேன். பழைய இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மறுபடி ஒரு வேலையில் சேர்ந்தது பிப்ரவரி 3.

47 நாளுக்கு 4,700 ரியால், அதாவது 89,300 ரூபாய். கிரில் வேலைக் காசையும் சேர்த்தால் 1,03,300. ஏஜென்ட்டுக்கு ரசீது இல்லாமல் கொடுத்தது 45,000. மெடிக்கல், சென்னைக்கு நாலு தடவை போய் வந்தது, துணிமணி, ஷூ எல்லாம் 11,000. கழித்தால் கையில் நின்றது 47,300.

2021-ல் அடுத்த மெசேஜ் வந்தபோது என் மனைவி ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ரியால் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். "அது இருக்கட்டுங்க. இங்க வேலையை என்னிக்கு விடுவீங்க? திரும்பி வந்து என்னிக்கு வேலைக்குப் போவீங்க? அந்த ரெண்டு தேதியை முதல்ல சொல்லுங்க" என்றாள். 2019 கணக்கையும் அதே மாதிரி போட்டுக் காட்டினாள். ஆகஸ்ட் 10 முதல் பிப்ரவரி 3 வரை 177 நாள். 47,300-ஐ 177-ஆல் வகுத்தால் நாளைக்கு 267 ரூபாய். துவாக்குடியிலேயே இருந்திருந்தால் நாளைக்கு 767. அந்த 177 நாளில் எனக்கு விழுந்த துண்டு 88,000 ரூபாய்க்கு மேல். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசு 3 வட்டிக்கு வாங்கியது. அந்த வட்டியை இதில் சேர்க்கவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இதுதான் முறை. கான்ட்ராக்ட் 60 நாளா, 90 நாளா என்று பார்ப்பதில்லை. இங்கே கடைசிச் சம்பளம் வாங்கும் நாளிலிருந்து மறுபடி இங்கே சம்பளம் ஓட ஆரம்பிக்கும் நாள் வரை எண்ணுவேன். கைக்கு வரும் காசில் செலவைக் கழித்து, அத்தனை நாளாலும் வகுப்பேன். இரண்டு வருஷ வேலைக்குப் போகிறவருக்கு முன்னே பின்னே மூன்று மாதம் போனாலும் தாங்கும். 60 நாள் வேலைக்கு அந்த மூன்று மாதம்தான் மொத்தக் கணக்கையும் தின்றுவிடும்.

நல்லபடியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் ருவைஸ் பக்கம் போனேன். விசா நகல் கைக்கு வந்த பிறகுதான் ஃபோர்மேனிடம் பேசி, சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நவம்பர் 14-ல் வேலையை நிறுத்தி, பிப்ரவரி 6-ல் அதே இடத்தில் சேர்ந்தேன். 84 நாள். அதில் 70 நாளுக்குச் சம்பளம் வந்தது, இந்தியக் காசில் சுமார் 1,45,000. என் செலவு 14,000. நாளைக்கு 1,560 ரூபாய் விழுந்தது. அப்போது இங்கே என் வருமானம் நாளைக்கு 967. ஆக 84 நாளில் சுமார் 50,000 கூடுதல். மூத்தவளின் காலேஜ் ஃபீஸை அந்த வருஷம் யாரிடமும் கை நீட்டாமல் கட்டினோம்.

அந்தக் கூடுதல் எவ்வளவு இருந்தால் போகலாம் என்பது அவரவர் பாடு. இங்கே கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்காவது வராவிட்டால் நான் கிளம்புவதில்லை. உடம்பு படும் பாட்டுக்கும் வீட்டில் இல்லாத நாளுக்கும் அது வேண்டும்.

"மாதம் 3,000" என்றால் எதைச் சேர்த்து?

போனில் சொல்வது எப்போதும் மொத்தத் தொகைதான். ருவைஸ் வேலைக்கும் 3,000 திர்ஹம் என்றுதான் சொன்னார்கள். ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 1,800, சாப்பாட்டுப் படி 300. மீதி 900 எங்கே என்று கேட்டேன். "அது ஓவர்டைம்ல வந்துடும் அண்ணே" என்றார் ஏஜென்ட்.

வருமா என்று நானே போட்டுப் பார்த்தேன். 1,800-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு ஏழரை திர்ஹம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓவர்டைமுக்கு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் தர வேண்டும் என்பது சட்டம். ஆக மணிக்கு 9 திர்ஹம் 37 காசு. நாளைக்கு 2 மணி நேரம், 26 நாள் பார்த்தால் 487. வார விடுப்பு நாளில் வேலை செய்தால் 50 சதவீதம் கூடுதல். அந்த ஒரு நாளுக்கு, அன்றைய 2 மணி நேர ஓவர்டைமையும் சேர்த்து, சுமார் 110. மாதத்தில் 4 விடுப்பு நாளும் வேலை செய்தால் 440. எல்லாம் கூட்டினால் 3,000 சரியாகத்தான் வருகிறது. ஒரு நாள்கூடப் படுக்காமல், காய்ச்சல் தலைவலி வராமல், தினமும் 10 மணி நேரம் நின்றால்!

நான் மாதத்தில் இரண்டு விடுப்பு நாளில் மட்டும் வேலை செய்தேன், 2,800 வந்தது. முதலிலேயே 2,800 என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்ததால் ஏமாற்றம் இல்லை. சவுதியில் ஓவர்டைம் கூடுதல் 50 சதவீதம். எந்த நாடாக இருந்தாலும் அடிப்படை எவ்வளவு, டியூட்டி 8 மணி நேரமா 10 மணி நேரமா, ஓவர்டைம் எந்த விகிதம் என்று மூன்றையும் தாளில் பார்த்துவிடுங்கள். "10 மணி நேர டியூட்டி" என்று ஒப்பந்தத்தில் போட்டு, ஓவர்டைமை அதற்குள்ளேயே விழுங்கும் ஆட்களும் உண்டு.

சும்மா இருக்கும் நாளுக்கு யார் கூலி?

ஷட்டவுன் வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். கேம்ப்பில் காத்திருக்கும் நாள், மழை, காற்று, கேஸ் லீக் என்று வேலைக்கான பெர்மிட் நிறுத்தப்படும் நாள், வேலை முன்கூட்டியே முடிந்து விமான டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் நாள். இவை எல்லாம் சேர்ந்து 60 நாளில் 15 நாளைச் சாப்பிட்டுவிடும். மாதச் சம்பளம் என்றால் இந்த நாளுக்கும் காசு உண்டு. டைம்ஷீட் போட்ட மணிக்கு மட்டும்தான் கூலி என்றால் இல்லை. இரண்டுக்கும் ஆஃபர் லெட்டரில் ஒரு வரிதான் வித்தியாசம்.

ஜுபைல் கேம்ப்பில் என் பக்கத்துக் கட்டிலில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர். நல்ல கை. இங்கே ஏஜென்ட் யார்டில் டெஸ்டில் தேறித்தான் வந்திருந்தார். சைட்டில் மறுபடி டெஸ்ட். 6ஜி டெஸ்ட் என்றால், கனத்த சுவருள்ள 2 இன்ச் ஷெட்யூல் 80 பைப்பை 45 டிகிரி சாய்வில் நிறுத்திவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிவந்து போட வேண்டும். அவருக்குக் கொடுத்த வெல்டிங் டார்ச்சின் கேபிள் கனமானது, கை பழகவில்லை. மறைப்புத் துணி சரியாகக் கட்டாத கூடாரம், காற்று வேறு. மேல் பூச்சான கேப்பிங் அவ்வளவு அழகாக இருந்தது, மீன் செதில் மாதிரி. ஆனால் அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 மணி இருக்குமே, அந்த இடத்தில் ரூட், அதாவது முதலில் போடும் அடி வெல்டு, உள்ளே குழிந்துவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டார். ஒரு சான்ஸ்தான். மூன்றாம் நாள் அவரை அனுப்பிவிட்டார்கள். திரும்பும் டிக்கெட் அவர் காசில். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து போட்டுக் கொடுத்தோம். ஊரில் 50,000 கடன் வைத்துவிட்டு வந்தவர் அவர். பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் டெஸ்ட் பைப்பைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வருகிறது.

அதனால் ஏஜென்ட்டிடம் இந்தக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் எந்தத் தேதியிலிருந்து ஓடும், இறங்கிய நாளா, கேட் பாஸ் வந்த நாளா? 60 நாளுக்கு முன் முடிந்தால் குறைந்தபட்சம் எத்தனை நாள் கூலி உறுதி? சைட் டெஸ்டில் தவறினால் இரண்டாவது சான்ஸ் உண்டா, திரும்பும் டிக்கெட் யார் செலவு? வேலை நீண்டால் எவ்வளவு நாள் வரை, விசா அதுவரை இருக்குமா? சம்பளம் மாதா மாதமா, கடைசியில் மொத்தமாகவா? "கடைசியில் செட்டில்மென்ட்" என்று பதில் வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். விமானம் ஏறிய பிறகு இங்கிருந்து வாங்குவது லேசில்லை.

நல்ல ஏஜென்ட் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். ருவைஸ் வேலைக்கு அனுப்பியவர் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டார்.

விசாவும் ஏஜென்ட்டும்

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, சரிபார்க்க மட்டும்தான் வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட்டின் உரிம எண்ணை வாங்கி, அந்த உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஏஜென்சி பெயரைச் சொல்லிக்கொண்டு சப் ஏஜென்ட்டாகச் சுற்றும் ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய. பதிவு பெற்ற ஏஜென்ட்டே தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. 2019-ல் எனக்கு இது தெரியாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது, 1978-லிருந்து ஆள் அனுப்புகிறார்கள். அங்கேயும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவை, என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா எல்லாம் சேர்த்து 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அதற்கு நாள் பிடிக்கும், அந்த நாளையும் தாளில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு நன்மை இருக்கிறது. ஒப்பந்தம் அரசுப் பதிவில் ஏறிவிடும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் பிரீமியம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். பத்தாவது முடித்தவர்கள் ஒரு விபத்து பாலிசியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுகிய வேலைக்குத்தான் "விசிட் விசாவில் வாங்க, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று அதிகம் சொல்வார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதம். சைட்டில் அடிபட்டால் நீங்கள் அங்கே தொழிலாளியே இல்லை. தற்காலிக வேலைக்கென்றே முறையான விசா உண்டு. அது இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090. கூப்பிட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இங்கே விட்டுவிட்டுப் போவது

2019-ல் வேலையை விட்டபோது அந்த நிறுவனத்தில் எனக்கு 4 வருஷம் 2 மாதம் ஆகியிருந்தது. 5 வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை வந்திருக்கும். என் அடிப்படைச் சம்பளம் அப்போது 12,000. அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5 வருஷத்தால் பெருக்கினால் 34,600 ரூபாய். பத்து மாதம் பொறுத்திருக்கலாம் என்று யாராவது ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். அதனால்தான் பையன்களிடம் முதலில் கேட்பதே "சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?" என்றுதான்.

இஎஸ்ஐ அட்டையும் அப்படித்தான். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு அம்மா, பிள்ளைகள் வரை வைத்தியம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். வேலையை விட்டால் சந்தா நின்று, கொஞ்ச நாளில் அதுவும் நிற்கும். வீட்டில் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, அந்தத் தொகையைத் தாளில் செலவுப் பக்கம் எழுதுங்கள். பி.எஃப். பணத்தை "வேலையை விட்டாச்சே" என்று எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இதற்கெல்லாம் ஒரே வழி, ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லாத விடுப்பு கேட்பது. கொடுக்க மாட்டார்கள் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். ஆர்டர் குறைவான மாதமாகப் பார்த்துக் கேட்டால் முதலாளிக்கும் அது லாபம்தான். என் ஃபோர்மேனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், மார்ச்சில் உங்களுக்கு டிஸ்பாட்ச் இருக்கு, பிப்ரவரி முதல் வாரம் நான் இங்கே இருப்பேன்." இருந்தேன். அடுத்த தடவை கேட்டபோது அவரே முதலாளியிடம் பேசினார். "60 நாள்" என்று சொல்லிவிட்டுப் போய், அங்கே நீட்டிப்புக் கிடைத்ததும் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறப்பதில்லை.

வருமான வரியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருஷத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர்தான். இரண்டு மூன்று மாத வேலைக்குப் போகிறவர் என்.ஆர்.ஐ. ஆகிவிட மாட்டார். அங்கே சம்பாதித்ததையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் நம்மில் பெரும்பாலோர் கட்ட வேண்டியிருக்காது. இருந்தாலும் காட்டிவிடுங்கள், பின்னால் வீட்டு லோனுக்குப் போகும்போது அந்த ரிட்டர்ன் கைகொடுக்கும்.

உடம்பு ஒத்துழைக்குமா

வளைகுடா மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு தெரிந்தால்கூட "அன்ஃபிட்" போட்டுவிடுவார்கள். நம் தொழிலில் புகையும் தூசும் தின்ற நுரையீரல். வேலையை விடுவதற்கு முன்பே சில நூறு ரூபாய் செலவழித்து உள்ளூரில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் வேலையை விட்டு, ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் அன்ஃபிட் என்று தெரிந்தது.

எந்த மாதம் என்பதும் முக்கியம். சவுதி, அமீரகம் இரண்டிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானத்தில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றால் வெயிலை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் வரும் அவசர வேலைகளில் இரவு ஷிப்ட்தான் அதிகம். 12 மணி நேர இரவு ஷிப்டை 40 நாள் தொடர்ந்து பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் பழையபடி வர ஒரு மாதம் ஆனது. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் இதை லேசாக எடுக்க வேண்டாம்.

ரிஃபைனரிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று வெசல் என்கிற பெரிய கலனுக்குள் இறங்குகிறவன் திரும்பி வர மாட்டான். சட்டையில் மாட்டும் கேஸ் மானிட்டர் ஆளுக்கு ஒன்று தருவார்களா, அதற்கான பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பத்து பேருக்கு ஒரு மானிட்டர் என்று பதில் வந்தால் எத்தனை ரியால் என்றாலும் வேண்டாம். இதில் மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

வீட்டில் பேசுவது

மெசேஜ் வந்த அன்றைக்கே ஏஜென்ட்டிடம் "சரி" சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டில் சொல்வது எங்களில் பலருக்குப் பழக்கம். நானும் 2019-ல் அப்படித்தான் செய்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அக்டோபரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நான் விமானம் ஏறும்போது அம்மா படுக்கையில். பாத்திரம் விளக்கி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, தையல் வேலையும் பார்த்து, மாதா மாதம் வட்டிக்காரனுக்கும் பதில் சொன்னவள் அவள்.

இப்போது தாளின் கடைசிப் பத்தி அவளுடையது. அந்தத் தேதிகளுக்குள் என்னென்ன வருகிறது என்று அவள் எழுதுவாள். பரீட்சை, அம்மாவின் செக்-அப், தங்கை வீட்டு விசேஷம், நகைக்கடன் தவணை. ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கூப்பிட யார் இருக்கிறார்கள்? மச்சான் வருவார் என்று நாமே எழுதிக்கொள்ளக் கூடாது, மச்சானைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். இரண்டு மூன்று மாதம்தானே என்று தோன்றும். அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பொங்கல் வருகிறது, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வருகிறது.

கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், குறுகிய கான்ட்ராக்டுக்கு வேண்டவே வேண்டாம். 60 நாள் வேலையில் வட்டியைத் தாங்கும் இடமே இல்லை.

போன வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. சோஹார், 45 நாள், ஜனவரியில். தாள் ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு தேதியும் எழுதியாகிவிட்டது, 66 நாள் வருகிறது. அடிப்படைச் சம்பளம் தெரிந்துவிட்டது, விசா முறையானதுதான், ஃபோர்மேன் விடுப்புக்குத் தலையாட்டிவிட்டார். இளையவனுக்கு இந்த வருஷம் பரீட்சை இல்லை. கேம்ப்பில் காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் "பாத்துக்கலாம் அண்ணே" என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வரை பார்ப்பேன்.